'கேப்' பார்த்து முடித்தாயிற்று

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ சொன்ன தாய்லாந்துத் தொடர் 'கேப்' 12 எபிசோடையும் நானும் அம்மாவும் பார்த்து முடித்துவிட்டோம். யூடியூபில் ஒவ்வொரு எபிசோடையும் நான்கு துண்டாகப் போட்டிருப்பது எங்கள் வயதுக்கு வசதியாக இருந்தது. சப்டைட்டில் ஓடும்போது நிறுத்தி நிறுத்தி அம்மாவுக்கு அர்த்தம் சொன்னேன். இரண்டாம் நாளே, "நீங்க சும்மா இருங்க, மூஞ்சியப் பாத்தாலே புரியுது" என்றுவிட்டாள்.

அந்த மூஞ்சிகள்தான் தொடரின் பலம். கதாநாயகிகளாக நடிக்கும் ஃப்ரீனும் பெக்கியும் இதற்கு முன் வேறொரு தொடரில் துணை ஜோடியாக வந்தவர்களாமே, அந்தப் பழக்கம் நன்றாகத் தெரிகிறது. சாம் முதலாளியம்மா, ராஜ வம்சத்துக் கிளையில் வந்தவள், சிரிக்கவே தெரியாதவள். ஃப்ரீன் அந்த விறைப்பைக் கடைசிவரை விடாமல் வைத்துக்கொண்டே நம்மைச் சிரிக்க வைக்கிறாள். சின்ன வயதிலிருந்து சாமையே நினைத்துக்கொண்டிருந்து, அவள் கம்பெனியிலேயே வேலைக்குச் சேருகிற மோனாக பெக்கி. எட்டு வயது இளையவள், பதவியிலும் கீழே இருப்பவள். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லும் துணிச்சல் அவளிடம்தான் இருக்கிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதை நோய்போலவோ பாவம்போலவோ காட்டாமல், இரண்டு பேர் அசடு வழிவதாகக் காட்டியது எனக்குப் பிடித்தது. சாமின் தோழிகள் வந்தாலே வீடு கலகலக்கிறது.

இனி குறைகள். காலமெல்லாம் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான், அதனால் ஆபீஸ் காட்சிகளில்தான் முதலில் இடித்தது. அந்தக் கம்பெனியில் யாரும் வேலை பார்ப்பதாகவே தெரியவில்லை. அது போகட்டும். முதலாளி தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணைப் பிடித்துவைத்து, யாரோடு பேசுகிறாள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு, தன் வீட்டிலேயே வந்து தங்கச் சொல்வதை ஆண் முதலாளி செய்திருந்தால் நீயே கொதித்திருப்பாய். மோனுக்கு விருப்பம் இருக்கிறது, சரி. ஆனால் விருப்பம் இல்லாமல் போயிருந்தால் அவள் எங்கே போயிருப்பாள் என்ற கேள்வியைத் தொடர் கேட்கவே இல்லை. பொறாமையைக் காதலின் அளவுகோலாக வைப்பது நம் ஊர்ப் படங்களிலும் பார்த்துச் சலித்த சங்கதிதானே.

கடைசி நாலைந்து எபிசோடுகள் நம் சாயங்கால சீரியல்தான். சாமின் பாட்டி முறைக்கிறாள், சாமுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை கிர்க்கோடு கல்யாணம் என்கிறாள், பின்னணி இசை அழுகிறது. கிர்க் பாவம், தடையாக நிற்பதற்காகவே எழுதப்பட்ட ஆள். சிரிக்க வைத்தே கதையை முடித்திருக்கலாம், இவர்களுக்குத் தங்கள் நகைச்சுவை மேலேயே நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது.

பாட்டியைப் பற்றித்தான் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. "கிழவிக்கு நெஞ்சே இல்ல" என்கிறாள். நெஞ்சை எழுதித் தரவில்லை என்கிறேன் நான். சாமின் பெயருக்கு முன்னால் வரும் 'மோம் லுவாங்' பட்டம் அந்த நாட்டு அரச வழியின் கடைசிப் படி. அதற்கு அடுத்த தலைமுறைக்குப் பட்டமே கிடையாது. சாம் கிர்க்கைக் கட்டினாலும் மோனைக் கட்டினாலும் அந்தப் பெருமை அவளோடு முடிகிறது. இது தெரிந்தும் மூத்த பேத்தியை வீட்டைவிட்டு ஓடும்படி செய்து, இளையவளையும் நெருக்கும் கிழவியின் பயத்தை ஒரே ஒரு காட்சியில் பேச விட்டிருந்தால் எவ்வளவு சிரிப்பும் எவ்வளவு வலியும் வந்திருக்கும்! அதை விட்டுவிட்டு வில்லியாக நிறுத்தி வைத்தார்கள், பிறகு சட்டென்று மனம் மாற்றினார்கள்.

கடைசியில் இருவருக்கும் கல்யாணம். அது ஒளிபரப்பானது 2023 பிப்ரவரியில். அன்றைக்கு அந்த நாட்டுச் சட்டப்படி அது வெறும் விருந்துதான். நாடாளுமன்றக் கீழவை 2024 மார்ச் 27 அன்று 400 ஓட்டோடு ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது, சட்டம் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரி 23. தென்கிழக்கு ஆசியாவில் முதல் நாடு. அங்கே கல்யாணம் பதிவாவது மாவட்ட அலுவலகத்தில். இந்த இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாய் அந்தக் கவுண்டருக்குப் போய், என்னைப்போல ஒரு கிளார்க், "விதியில இடமில்லம்மா" என்று ஃபாரத்தைத் திருப்பித் தருவதாக ஒரு காட்சி வைத்திருக்கக்கூடாதா? எனக்கே எழுதித் தரலாம்போல இருந்தது. இப்போது எடுத்தால் அதே கிளார்க் முத்திரை குத்தியாக வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னேனே என்று பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. முதல் ஆறு எபிசோடை அம்மா இரண்டாம் தடவை பார்க்கிறாள், நானும் பேப்பர் படிப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்தது எது என்று சொல். பள்ளிக்கூடக் கதை '23.5' இருக்கிறது, ஓடிப்போன அந்த மூத்த அக்காவை வைத்தே 'பிளாங்க்' என்று தனித்தொடரும் இருக்கிறதாம். அம்மாவுக்கு அக்கா கதைதான் வேண்டுமாம். எனக்கு இனி அந்தப் பாட்டி முகத்தில் விழிக்கத் தெம்பில்லை. நீ '23.5' என்று சொல்லிவிடு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா