கோடு எந்தப் பக்கம் போகிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லாரும் நலம். சர்வே வாத்தியாரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லு.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்காக (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) நீ வரைந்து அனுப்பிய சைக்கிள் பாதைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். படமாகப் பார்க்க அழகாக இருக்கிறது. வழி தேடச் சொன்னால்தான் பாதியில் அறுந்துபோகிறது. பெயின்ட் அடித்த லேனுக்கெல்லாம் தனிக் கோடு வரைந்து வைத்திருக்கிறாயே, ஏன்டா? வெள்ளைக் கோடு மட்டும் இருக்கிற இடத்தில் சைக்கிள்காரர் எங்கே வேண்டுமானாலும் சாலைக்குள் வந்து எதிர்ச் சந்துக்குள் திரும்பலாம். தனிக் கோடாக இருந்தால் வழி தேடும் மென்பொருளுக்கு அது தெரியாது. இரண்டு கோடும் ஒரே புள்ளியில் சேருகிற அடுத்த சந்திப்பு வரை கொண்டுபோய்த் திருப்பி அழைத்து வரும். அதனால் பெயின்ட் லேன் என்றால் சாலைக் கோட்டின் மேலேயே ‘சைக்கிள்வே:லெஃப்ட்=லேன்’ என்று டேக் (கோட்டோடு ஒட்டி வைக்கும் விவரக் குறிப்பு) போடு, போதும். நடுவில் கல்வரிசையோ புல்தரையோ இருந்தால்தான் ‘ஹைவே=சைக்கிள்வே’ என்று தனிக் கோடு. அப்போது சாலையில் ‘சைக்கிள்வே:லெஃப்ட்=செப்பரேட்’ என்று, அதாவது பாதை தனியாக வரையப்பட்டிருக்கிறது என்று, போட மறக்காதே. அங்கேயும் ‘டிராக்’ (தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை) என்று போட்டால் ஒரே பாதை இரண்டு முறை கணக்காகும்.

எனக்குப் பெரிய கவலை இடம் வலம்தான். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ‘லெஃப்ட்’ என்றால் வண்டி போகும் திசைக்கு இடப்பக்கம் இல்லை, வடக்கு தெற்கும் இல்லை. கோட்டை எந்த நுனியிலிருந்து எந்த நுனிக்கு வரைந்தோமோ, அந்தத் திசைக்கு இடப்பக்கம். மேற்கிலிருந்து கிழக்காக வரைந்த சாலைக்கு ‘லெஃப்ட்’ வடக்கு. அதே கோட்டைத் திருப்பினால் ‘லெஃப்ட்’ தெற்காகிவிடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கான ஜோசம் எடிட்டரில் திருப்பினால், டேக்கையும் மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். கியூஜிஐஎஸ் என்ற பொதுவான வரைபட மென்பொருளில் திருப்பினால் கோடு மட்டும்தான் திரும்பும், டேக் இருக்கிற அட்டவணை அப்படியே கிடக்கும். லேன் சத்தமில்லாமல் எதிர்ப்பக்கம் தாவிவிடும். உன் கோப்பில் நான் பார்த்த நாலு சாலைகளில் இதுதான் நடந்திருக்கிறது. கோட்டின் திசை காட்டும் அம்புக்குறிகளைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்.

அடுத்தது சந்திப்பு. தனிப் பாதை முடிகிற ஒரு இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார். நிஜத்தில் பாதை சாலையின் ஓரத்தில் முடிகிறது, நீயும் அங்கேயே கோட்டை நிறுத்திவிட்டாய். ஆனால் தரவில் சாலை என்பது அதன் நடுக்கோடுதான். அதுவரை ஒரு சின்ன இணைப்புக் கோடு இழுத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி வைக்க வேண்டும். கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டினால் மட்டும் போதாது, புள்ளி பொதுவாக இருந்தால்தான் வழி உண்டு. மேம்பாலத்தில் மட்டும் இதற்கு நேர்மாறு: பொதுப் புள்ளி வைத்தால், பாலத்திலிருந்து கீழே குதிக்கச் சொல்லும்!

அகலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் அளக்காதே. 30 செ.மீ. பிக்சல் படத்தில் 1.5 மீட்டர் லேன் ஐந்தே பிக்சல். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பிக்சல் பிசகினால் அது 0.9 மீட்டராகவும் வரும், 2.1 ஆகவும் வரும். டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி அள. வெள்ளைக் கோட்டைச் சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே கடைப்பிடி. இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ‘டிராக்’ என்று வரைபடத்தில் பார்த்து, பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒருவர் கிளம்புவார். அங்கே வெறும் பெயின்ட்தான் இருந்தால், லாரி பக்கத்திலேயே உரசிக்கொண்டு போகும்.

நீளக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெப் மெர்கேட்டர் தளத்தில் (இணைய வரைபடங்கள் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் முறை) அளக்காதே. 30 டிகிரி அட்சரேகையில் 100 மீட்டர் பாதை 115 என்று காட்டும், 60 டிகிரியில் 200. எலிப்சாய்டு நீளத்தை, அதாவது பூமியின் வளைந்த வடிவத்தின் மேல் கணக்கிட்ட நீளத்தை, எடு. இருபுறமும் லேன் உள்ள 2 கி.மீ. சாலையில் லேன் நீளம் 4 கி.மீ., எதைச் சொல்கிறாய் என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடு.

முதலில் அந்த நாலு சாலைகளைத் திருத்தி அனுப்பு. சந்திப்புகளை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்