ஜானகி அம்மா படக்கூடம்: இன்னும் 14,250 வெள்ளி (ரிங்கிட்) வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

விநாயகர் அருளால் ஆலய மண்டபத்துப் பின்னறையில் அமையும் ஜானகி அம்மா படக்கூடத்துக்குச் சுவர் பூச்சு முடிந்துவிட்டது. கூரை வேலைதான் பாதியில் நிற்கிறது. அக்டோபர் 22 அன்று திறப்பு என்று பொங்கலன்றே அறிவித்துவிட்டோம். 1943இல் சிங்கப்பூரில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்த நாள் அது. தேதியைத் தள்ளிப்போடக் குழுவில் ஒருவருக்கும் மனமில்லை.

கேப்டன் ஜானகி ஆதி நாகப்பன் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். 1925இல் கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நேதாஜி நிதி கேட்டுப் பேசிய கூட்டத்தில் காதில் கிடந்த தங்கத் தோட்டை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். படையில் சேர அப்பா சம்மதிக்கவில்லை. பேசிப் பேசித்தான் சம்மதம் வாங்கினார். சொகுசாக வளர்ந்தவருக்கு முகாம் வாழ்க்கை முதலில் ஒத்துவரவில்லை. அப்புறம் அதே படையின் துணைத் தளபதியாக உயர்ந்து பர்மா வரை போனார். அவருடன் அணிவகுத்தவர்களில் பெரும்பாலோர் நம் ரப்பர் தோட்டத்துப் பெண்கள். ஜப்பானியர் ஆண்களைச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துப்போன காலத்தில், பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி பிடித்தன. இதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் தலைவருக்குக் குரல் தழுதழுக்கும்.

போர் முடிந்தும் அம்மா ஓயவில்லை. 1946இல் ஜான் திவியுடன் (கட்சியின் முதல் தலைவர்) சேர்ந்து மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியை உருவாக்கினார், பின்னாளில் செனட்டராக மலேசிய மேலவையில் அமர்ந்தார். 2000இல் இந்தியா பத்மஸ்ரீ வழங்கியது. 2014 மே 9 அன்று காலமானார்.

சரி, கணக்குக்கு வருவோம். கூரைக்கும் மின்சாரத்துக்கும் 11,000 வெள்ளி. கண்ணாடி அலமாரி ஆறுக்கு 13,200. படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட 8,700. சிறு நூல் அச்சிட 5,500. மொத்தம் 38,400, கையில் இருப்பது 24,150. பாக்கியைப் பார்க்காமல் அலமாரியை இறக்க மாட்டேன் என்கிறார் தச்சர். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பத்து மாதமாக மாதம் 50 வெள்ளி தவறாமல் கொடுத்த பேருந்து ஓட்டுநர், பேரன் பிறந்தநாள் விருந்தை நிறுத்தி அந்தப் பணத்தைக் கொண்டுவந்த பாட்டி, தீபாவளி அங்பாவை (உறையில் வைத்துத் தரும் அன்பளிப்புப் பணம்) உண்டியலோடு தூக்கி வந்த மூன்று சிறுவர்கள், சிமெண்ட் இறக்கிவிட்டுப் பெயர் போடாதீர்கள் என்ற கடைக்காரர், சம்பளம் வாங்காமல் சுவர் பூசிய நம் வீட்டுப் பிள்ளைகள், எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

பொங்கல் மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துத் தொகை அறிவித்தவர்களும் இருக்கிறார்கள். கைதட்டு அன்றைக்கே கிடைத்துவிட்டது, பணம்தான் இன்னும் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டோம், அவர்களுக்கே தெரியும். ஒரு பெண்பிள்ளை தோட்டையே கழற்றிக் கொடுத்த கதையை நாம் சுவரில் மாட்டப்போகிறோம் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு பொருளாளர் மண்டபத்தில் இருப்பார். ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் இல்லாதவர்கள், உங்கள் பாட்டி, பெரியம்மா படையில் இருந்தபோது எடுத்த படம் வீட்டில் கிடந்தால் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
படக்கூடக் குழுவினர்