தண்ணீர் குறைந்த ஆண்டுக்கு ஒரு குறியீடு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் நீ வைத்து அனுப்பிய பட்டியலும் போன வாரமே வந்துவிட்டன. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று, இத்தனை நாள் என்னிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அவரே மணி சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எங்கள் இருவரின் வாழ்த்தையும் சொல்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உழவர் சங்கங்கள், நகரக் குடிநீர் வாரியம், ஆலைகள், மீனவர்கள் எல்லோரும் ஒரே ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுத் திட்டம். அது உருப்படியாக நடக்கிறதா என்று கண்டுபிடிக்க நீங்கள் எழுதியிருப்பது 64 செயல்திறன் குறியீடுகள். பென்சிலை எடுத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன்: இந்த எண் இறங்கினால் யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்வார்? 11 குறியீடுகளுக்குத்தான் பதில் கிடைத்தது. மற்ற 53 எண்களும் ஏறினாலும் இறங்கினாலும் எந்த மதகும் அசையப் போவதில்லை. அவற்றை எடுத்துவிடு என்று நான் சொல்வது உனக்கு வருத்தமாக இருக்கும். எவ்வளவு உழைத்திருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த கூட்டுப் பாசனத் திட்டத்தைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை மீட்டர் வாய்க்காலுக்குக் கரை கட்டினோம் என்று நான்கு எண்களை மாதாமாதம் அனுப்புவோம். இரண்டு ஆண்டுகள் நான்குமே நன்றாக இருந்தன. மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. ஒரு நாள் இரவில், வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் திரண்டு வந்து மேல்மதகின் ஷட்டரை உடைத்தார்கள். மறுநாள் நான் மினிட் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். ஒன்றரை ஆண்டாகக் கடைமடையிலிருந்து ஒரு கையெழுத்துகூட இல்லை. வருகை 70 சதவீதம் என்று நான் எழுதி அனுப்பியது பொய்யில்லை, எண்ணிக்கை சரிதான். ஆனால் வந்த அத்தனை பேரும் வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர்கள். வராமல் போனவர்கள் யார் என்று கேட்கும் கட்டமே என் படிவத்தில் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. தண்ணீர் நிறைய வரும் ஆண்டில் எல்லாத் திட்டமும் கூட்டுத் திட்டம்தான். ஆறு நிறைந்து ஓடும்போது யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை, எல்லாக் குறியீடும் நல்ல எண்ணைக் காட்டும். பற்றாக்குறை வரும்போது அந்தக் குறைவை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதில்தான் கூட்டு தெரியும். உன் பட்டியலில் அதை அளக்கும் குறியீடு ஒன்றுகூட இல்லை. மொத்தம் எவ்வளவு தண்ணீர் கொடுத்தோம் என்று இருக்கிறது, யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார். தலைமடைக்கு 100 பங்கு, கடைமடைக்கு 100 பங்கு என்று ஒப்பந்தம். ஒரு பருவத்தில் வரத்து 30 சதவீதம் குறைகிறது. இருவருக்கும் 70, 70 கிடைத்தால் கடைமடைக்கும் தலைமடைக்குமான விகிதம் 1. தலைமடைக்கு 95, கடைமடைக்கு 45 கிடைத்தால் சராசரி அதே 70தான், ஆனால் விகிதம் பாதிக்கும் கீழே, 0.47-க்குப் போய்விடும். உன் படிவம் சராசரியை மட்டும் கேட்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பாசனத் துறையில் 1990 முதலே தண்ணீர் வினியோகத்தை நான்கு கோணங்களில் அளக்கும் முறை இருக்கிறது: போதுமான அளவு வந்ததா, வீணாகாமல் வந்ததா, எல்லா மடைக்கும் சமமாக வந்ததா, சொன்ன நேரத்தில் நம்பும்படி வந்ததா. கடைசியில் சொன்ன நம்பகம்தான் பல உழவர்களுக்கு முதலில் நிற்கும். கொஞ்சம் குறைவாக வந்தாலும் செவ்வாய்க்கிழமை வரும் என்றால் செவ்வாய் வர வேண்டும், அப்போதுதான் எதை எவ்வளவு விதைப்பது என்று முடிவு செய்ய முடியும். முறை வைத்த நாளில் தண்ணீர் வந்த தடவைகள் எத்தனை, தவறியவை எத்தனை என்று எண்ணுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் உள்ள 6.5.2 குறியீட்டை அப்படியே எடுத்து முதல் பக்கத்தில் வைத்திருக்கிறாய். அது நாடுகளுக்கு இடையிலான ஆறுகளுக்காக வகுத்தது. எல்லை தாண்டும் ஆற்றுப் படுகைகளின் பரப்பில் எவ்வளவு பங்குக்கு நடைமுறையில் இயங்கும் ஒத்துழைப்பு ஏற்பாடு இருக்கிறது என்று கேட்கிறது. இயங்குகிறது என்று சொல்ல நான்கு நிபந்தனைகள்: கூட்டு அமைப்பு இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது முறைப்படி சந்திக்க வேண்டும், கூட்டுத் திட்டமோ பொதுவான இலக்குகளோ வகுத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது தரவுகளைப் பகிர வேண்டும். நான்கும் இருந்தால்தான் கணக்கில் சேரும். நாடுகளை ஒப்பிட இது நல்ல கருவி. உன் படுகையில் இந்த நான்கும் முதல் ஆண்டிலேயே நிறைவேறிவிடும், அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் 'ஆம்' என்றே எழுதிக்கொண்டிருப்பாய். தரவுப் பகிர்வை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை மாற்று: மேலே அணையில் எடுத்த அளவு கீழே இருப்பவர் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? ஒரு நாளா, ஒரு மாதமா? வெள்ளத்திலும் வறட்சியிலும் அந்த வித்தியாசம்தான் அவர்களைக் காப்பாற்றும்.

நல்ல குறியீடு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் ஐரோப்பாவின் ரைன் ஆற்றைத்தான் சொல்வேன். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் பக்கத்தில் ஒரு இரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைக்க அடித்த தண்ணீரோடு பூச்சிமருந்துகள் ஆற்றில் கலந்து, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கரையோர நாடுகள் 1950 முதலே ஒரு ஆணையத்தில் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் 1987-இல் அவர்கள் வைத்த இலக்கு வேறு மாதிரி இருந்தது: 2000-க்குள் சால்மன் மீன் இந்த ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். ஒரு மீனில் எத்தனை பேருடைய வேலை அடங்கியிருக்கிறது, பார். ஆலைகள் கழிவைக் குறைக்க வேண்டும், நகரங்கள் சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டும், அணைக்காரர்கள் மீன் ஏற வழிவிட வேண்டும், கிளையாறுகளில் முட்டையிடச் சரளைப் படுகை வேண்டும். இதில் யார் ஒதுங்கினாலும் மீன் வராது. பள்ளிக் குழந்தைக்கும் அமைச்சருக்கும் ஒரே மாதிரி புரியும். 1990-களில் மீன் வரத் தொடங்கியது. 2000-இல் ரைனில் உள்ள இஃபெட்ஸ்ஹைம் அணையில் மீன் ஏறும் பாதையும் திறந்தார்கள்.

ஆனால் இதிலும் கவனிக்க ஒன்று உண்டு. திரும்பி வந்த மீன்களில் பெரும்பகுதி மனிதர்கள் வளர்த்து ஆற்றில் குஞ்சுகளாக விட்டவை. விடுவதை நிறுத்தினால் தானாகவே பெருகி நிலைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. 'மீன் திரும்பியது' என்று வரையறுத்தால் வெற்றி, 'மீன் தானாகப் பெருகுகிறது' என்று வரையறுத்தால் இன்னும் பாதி வழி. எந்தச் சொல்லை வைக்கிறீர்கள் என்பதை எல்லாத் தரப்பும் சேர்ந்து, தொடங்குவதற்கு முன்பே, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எண் வந்தபிறகு வரையறை பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

அடுத்தது கிணற்று நீர்மட்டம். அதை முக்கியக் குறியீடாக வைத்திருக்கிறாய், வைக்கத்தான் வேண்டும். ஆனால் மழை அளவைப் பக்கத்தில் எழுதாமல் நீர்மட்டத்தை மட்டும் எழுதாதே. நல்ல மழை பெய்த ஆண்டில் ஒன்றுமே செய்யாத படுகையிலும் மட்டம் ஏறும். மழை குறைந்த ஆண்டில் நீங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் இறங்கும். திட்டத்துக்கு வெளியே, அதே மண், அதே மழை உள்ள சில கிணறுகளையும் சேர்த்து அளந்து வை. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் உழைப்பைக் காட்டும். நிலத்தடி நீரின் தரமோ இன்னும் மெதுவாக மாறும். உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் வெளியேறப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் சட்டம் போட்டு, 2015-க்குள் எல்லா நீர்நிலைகளும் நல்ல நிலைக்கு வர வேண்டும் என்றது. பிறகு 2027 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு விதி வேறு: அளக்கும் கூறுகளில் ஒன்று தவறினாலும் நீர்நிலை முழுவதும் தவறியதாகவே கணக்கு. அளவுகோல் கண்டிப்பாக இருப்பது நல்லதுதான், ஆனால் பத்தில் ஒன்பது தேறினாலும் மதிப்பீட்டு அட்டையில் நிறம் மாறாது. உழைத்தவர்கள் சோர்ந்துவிடுவார்கள். ஆகவே நெடுநாள் இலக்குக்குக் கீழே, அடுத்த பருவத்திலேயே கண்ணுக்குத் தெரியும் சிறு படி ஒன்றையும் வை.

'புகார்களின் எண்ணிக்கை குறைய வேண்டும்' என்ற 37-ஆம் குறியீட்டை மட்டும் தயவுசெய்து இன்றே அடித்துவிடு. கேட்டுப் பயனில்லை என்று கைவிட்டவர்களும் புகார் கொடுக்க மாட்டார்கள். என் திட்டத்தில் ஷட்டர் உடைவதற்கு முந்தைய ஆண்டு வந்த புகார்கள் வெறும் மூன்று. அந்த எண்ணைக் காட்டி நாங்கள் பெருமைப்பட்டோம். முதல் ஆண்டில் புகார் கூடினால் நம்பிக்கை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு புகார் தீர எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணு. தீர்ப்பு யாருக்குப் பாதகமாகப் போனதோ, அவர் அடுத்த கூட்டத்துக்கு வந்தாரா என்றும் எண்ணு. பெண்கள் விஷயமும் இப்படித்தான். எத்தனை நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதைவிட, அவர்கள் வைத்த யோசனைகளில் எத்தனை தீர்மானமாயின என்று பார்.

யார் அளப்பது என்று நீ கேட்டதற்கு என் பதில், தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்களே. பொதுச் சொத்தை மக்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், நீடித்து நின்ற அமைப்புகளில் கண்காணிப்பவர்கள் பயன்படுத்துவோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக, அல்லது பயன்படுத்துவோரில் ஒருவராகவே இருந்ததைக் கண்டார். பிரிவினைக்கு முந்தைய ஆந்திராவில் 7 மாவட்டங்களில் உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, இருக்கும் நீரைக் கணக்குப் போட்டு, அதைப் பார்த்து எந்தப் பயிர் என்று முடிவு செய்த திட்டம் நடந்தது. பயிரை மாற்று என்று யாரும் கட்டளையிடவில்லை, கணக்கு அவர்கள் கையில் இருந்தது. உன் படுகையில் இரண்டு தரப்புக்கு நடுவே உள்ள, நீர்மட்டத்தைக் காட்டும் ஒவ்வொரு அளவுப் பலகையையும் இரு தரப்பிலிருந்தும் ஒருவர் சேர்ந்து நின்று வாசிக்கட்டும், ஒரே நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். இருவரும் ஒப்புக்கொண்ட வாசிப்புகள் எத்தனை சதவீதம் என்பதே எனக்குப் பிடித்த குறியீடு. அது 90-ஐத் தாண்டினால் பாதிச் சண்டை இல்லை.

மீனவர்களைப் பற்றி உன் பட்டியலில் ஒரே ஒரு வரி, அதுவும் பயிற்சி பற்றி. அவர்களுக்கு வேண்டியது முகத்துவாரம்வரை ஓடும் தண்ணீர். குறைந்தபட்ச ஓட்டத்துக்குக் கீழே ஆறு போன நாட்கள் எத்தனை என்று சேர்த்துக்கொள்.

அடுத்த கூட்டத்துக்கு இந்தப் பட்டியலை எடுத்துப் போகாதே. வெறும் தாளோடு போ. ஒவ்வொரு தரப்பிடமும் "எது நடந்தால் இந்தத் திட்டம் தோற்றது என்று சொல்வீர்கள்?" என்று கேள். எது வெற்றி என்று கேட்டால் எல்லோரும் ஒரே அழகான வாக்கியத்தைச் சொல்வார்கள். தோல்வியைக் கேட்டால் அவரவர் பயம் வெளியே வரும், அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு குறியீடுகள் தானாகவே கிடைக்கும். இன்றைய நிலை என்ன என்பதையும் இந்தப் பருவம் தொடங்கும் முன்பே அளந்துவிடுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பென்சிலால் குறித்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். கோடு போட்டவற்றில் நீ விடாப்பிடியாக வைத்துக்கொள்ள நினைப்பவை இருந்தால் காரணத்தை எழுது, நான் யோசிக்கிறேன். அம்மாவை அடுத்த மாதம் ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது முடிந்ததும் நானே வந்து ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார ஆசை. அதற்குள் நீ நடத்தும் கூட்டத்துக்குக் கடைமடைச் சங்கத்திலிருந்து யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்