எங்கள் கையை எண்ணும் முன் குழாயைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கும், அவர்களை எங்களிடம் அனுப்பிவைத்த சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். உங்கள் ஆய்வின் சுருக்கம் சென்ற வாரம் எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. செவிலியர் ஓய்வறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். செவிலியர்களிடம் கை கழுவும் பழக்கம் குறைவு, மாற்று மருத்துவ நாட்டம் அதிகம், ஆகவே பயிற்சி வகுப்பு தேவை என்கிறது அது. இதைப் படித்துவிட்டு இரவுப் பணிக்குப் போன ஒருத்தி எழுதும் மடல் இது. கோபத்தில் எழுதக் கூடாது என்று மூன்று நாள் பொறுத்தேன். பெரிய பலன் இல்லை.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிரசவ அறைக் குழாயில் இரவும் பகலும் தண்ணீர் வேண்டும்.

குழாய் நல்ல குழாய்தான். முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளப் பிடி வைத்தது. அதற்கு மேலே, 2009-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களைச் சொல்லும் வண்ணச் சுவரொட்டி. நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், உடல் திரவம் பட்ட பின் என்று ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி; அதுவும் தெரியும். ஆனால் காலை பத்து மணிக்கெல்லாம் மேல்நிலைத் தொட்டி காலி. பிறகு அந்தக் குழாயில் வருவது காற்று. சில நாள் இருமுவதுபோல ஒரு சத்தமும் வரும்.

அதனால் கீழே ஒரு நீல டிரம், அதன் மூடிமேல் ஒரு சிவப்பு மக்கு. போன மாதம் ஓர் இரவு, பணியில் நான் ஒருத்திதான். குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. கையுறையைக் கழற்றினால் மணிக்கட்டில் ரத்தம். கழுவ வேண்டுமென்றால் மக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் அதன் பிடியிலும் ரத்தம். எனக்கு முன் எத்தனை பேர் அந்தப் பிடியைத் தொட்டார்களோ, எனக்குப் பின் எத்தனை பேர் தொடுவார்களோ. ஒரு கையால் மொண்டு மறுகையில் ஊற்றலாம். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவ மூன்றாவதாக ஒரு கை வேண்டுமே. அரைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பத்தா ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். பிள்ளை பெற்றவளின் அப்பத்தா. எண்பதை நெருங்கும் வயது. “கையைக் காட்டு தாயி, நான் ஊற்றுகிறேன்” என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். கொள்ளுப்பேத்தியின் முகத்தைக்கூட அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. நான் தேய்த்து முடிக்கும்வரை, நடுங்கும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே நின்றார்.

உங்கள் படிவத்தில் ‘கை கழுவாததற்குக் காரணம்’ என்று ஒரு கேள்வி இருந்தது. மறதி, நேரமின்மை, தோல் எரிச்சல், அவசியமென்று தோன்றவில்லை என நான்கு கட்டங்கள். தண்ணீர் இல்லை என்று சொல்லக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். “ஓரத்தில் எழுதினால் கணினியில் ஏறாது மேடம்” என்றார் உங்களோடு வந்த தம்பி. நல்ல பிள்ளை, கேள்வியைத் தயாரித்தவர் அவரில்லை. தண்ணீர் இல்லாமலே கையில் தேய்க்கும் ஸ்பிரிட் மருந்துதான் இருக்கிறதே என்பீர்கள். கண்ணுக்குத் தெரிய ரத்தமோ அழுக்கோ இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான் என்பதும் உலக சுகாதார நிறுவனம் சொன்னதுதானே?

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டில் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு சாவதைக் கண்டு பதறியபோது, மருத்துவர்களைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்றிருந்த சாவு, ஜூனில் இரண்டாகக் குறைந்தது. சொன்னதோடு, கழுவக் கரைசலையும் வைத்தார் அல்லவா? அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

அடுத்தது மாற்று மருத்துவம். ஸ்பிரிட் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கு வெடிக்கிறது, இரவில் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன் என்றேன். அதற்கும் டிக் விழுந்தது! உலக சுகாதார நிறுவனத்தின் கை மருந்துச் செய்முறையிலேயே தோல் காயாமலிருக்கக் கிளிசரால் சேர்க்கிறார்கள். அதை யாரும் மாற்று மருத்துவம் என்று சொல்லக் காணோம். கபசுரக் குடிநீர் குடித்தீர்களா என்றும் கேட்டீர்கள். குடித்தோம். 2020-இல் அதை அண்டாவில் காய்ச்சி, வாசலில் நின்று ஊருக்கே டம்ளரில் ஊற்றச் சொன்னது உங்கள் துறைதான். அதற்கு முன் டெங்குவுக்கு நிலவேம்பு. அது வேலை செய்ததா இல்லையா என்று ஆராயுங்கள், வரவேற்கிறோம். ஊற்றச் சொல்லிவிட்டு, குடித்தவளை மூடநம்பிக்கைக்காரி என்று எழுதுவதுதான் பொறுக்கவில்லை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விடியற்காலையில் வியர்த்துக்கொட்டி, சர்க்கரை இறங்கி வந்த ஓர் ஆச்சியிடம் வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவிக் கேட்ட பிறகுதான், சர்க்கரை மாத்திரையோடு, சர்க்கரையை இறக்கும் மூலிகையான சிறுகுறிஞ்சான் பொடியும் போவது தெரிந்தது. எங்கள் நோயாளிச் சீட்டில் இதைக் குறிக்கவும் இடமில்லை. கட்டம் போடுவதென்றால் அங்கே ஒன்று போடுங்கள்.

செட்டிநாட்டுக்கு வந்தீர்கள், வீடுகளையும் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். கூரையில் விழுந்த மழையை முற்றத்தில் இறக்கி, அண்டா அண்டாவாகப் பிடித்துவைத்த ஊர் இது. மிச்சம் வடிந்து போய்ச் சேர ஊருக்கு ஓர் ஊருணி. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை பிறக்கும் அறையில் தண்ணீர் இல்லை. பயிற்சி வகுப்புக்கு வரத் தயார். தேநீரும் வடையும் தருவீர்கள்; வடை எண்ணெயைக் கழுவ அந்த மண்டபக் குழாயில் தண்ணீரும் நிச்சயம் வரும்.

மன்னிக்கவும், பேச்சு எல்லை தாண்டுகிறது. பணிவாகவே கேட்கிறேன். பிரசவ அறைக்கும் கட்டுப்போடும் அறைக்கும் தனியாக ஒரு தொட்டி, அதற்கு ஒரு மோட்டார், மோட்டார் போட ஓர் ஆள். பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இதைச் செய்யுங்கள். அடுத்த சுற்று ஆய்வுக்கு வரும்போது தயவுசெய்து காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். முன்கூட்டித் தகவல் சொல்லாதீர்கள்; சொன்னால் அன்று மட்டும் லாரித் தண்ணீர் வந்துவிடும். படிவத்தை எடுக்கும் முன், நீங்களே ஒருமுறை அந்தக் குழாயை முழங்கையால் தள்ளிப் பாருங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணிச் செவிலியர் ஒருத்தி