ரம்பப் பல் கரையும் கூர் மூலையும்

ஹட்டன்

அன்பின் மச்சான்,

இரண்டு கிழமையாக இங்கே வெயில் முகமே இல்லை. கணினிக் கட்டளைப்படி மரம் செதுக்கும் உன் சி.என்.சி. மெஷினில் செய்த கோயில் பெயர்ப்பலகைப் படம் பார்த்தேன், எழுத்து அழகாக விழுந்திருக்கிறது. கரையில் ஓடும் ரம்பப் பல்தான் படுத்துகிறது என்று எழுதியிருந்தாய்: பல்லுக்கு நடுவே பள்ளம் உருண்டை, பல்லின் முனை மொட்டை. இரண்டுக்கும் காரணம் வேறு. ஒரே மருந்தைக் கொடுக்காதே.

பள்ளம் உருள்வது மெஷினின் குற்றமில்லை. வட்டமான பிட், அதாவது சுழன்று வெட்டும் அலகு, உள்மூலையின் அடிவரைக்கும் போகாது. 3 மி.மீ. பிட், 90 பாகை மூலையில் கூருக்கு 0.6 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும். 60 பாகையில் 1.5 மி.மீ., 30 பாகையில் 4.3 மி.மீ. மிச்சம் விழும். பிட்டைச் சிறிதாக்கினால் மிச்சம் குறையும், தீராது. 1 மி.மீ. பிட் பலாவில் சட்டென்று ஒடியும்.

பலகையின் முகத்தில் செதுக்கும் கரைக்கு வி-பிட் போடு, நுனி கூம்பாக இருக்கும் பிட் அது. மூலையை நெருங்க நெருங்கப் பிட் மேலே எழும்பி, கடைசியில் நுனி மட்டும் மூலையைத் தொட்டு வெளியேறும். கூர் அதனால்தான் கிடைக்கிறது. இதற்கு, கோட்டின் அகலத்துக்கேற்ப ஆழத்தை மாற்றும் வி-கார்விங் பாதைதான் வேண்டும். ஒரே ஆழத்தில் கோட்டின்மேல் ஓடவிட்டால், திருப்பத்தின் வெளிப்பக்கம் மறுபடியும் உருண்டுவிடும். 8 மி.மீ. அகலக் கோட்டுக்கு 60 பாகைப் பிட் 6.9 மி.மீ. இறங்கும், 90 பாகைப் பிட் 4 மி.மீ. உன் 12 மி.மீ. பலகைக்கு 90 தான் நல்லது. ஆனால் அதில் பலகை 0.5 மி.மீ. உயர்ந்தாலே கோடு 1 மி.மீ. அகலும். நம்ம பக்கத்து மூடுபனியில் ராத்திரி வைத்த பலகை காலையில் அதே பலகையாக இருப்பதில்லை. ஆகவே முகத்தைச் சீவி, கிளாம்ப்பைக் கழற்றாமல் பிட்டை மாற்றி, சீவிய பரப்பில் புதிதாக இசட் பூச்சியம் (ஆழத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) எடுத்து, அன்றைக்கே செதுக்கி முடி.

பலகையை ஊடறுத்து வெட்டும் பல்லுக்கு இது உதவாது. அங்கே 3 மி.மீ. பிட்டால் வெட்டிவிட்டு, மூலை மிச்சத்தை உளியால் எடு.

முனைக்கு வருவோம். லென்ஸ் வைத்துப் பார். எல்லாப் பல்லிலும் முனை ஒரே அளவில் நேராகத் தட்டையாக இருந்தால் அது பேக்லாஷ், அச்சை நகர்த்தும் திருகுத் தண்டுக்கும் அதன் நட்டுக்கும் நடுவிலுள்ள லூஸ். பல்லின் நீளத்தில் ஓடும் ஒய் அச்சு திசை திரும்பும்போது நட்டில் உள்ள லூஸ் தீரும்வரை ஒய் நிற்கும், கரையோடு போகும் எக்ஸ் மட்டும் ஓடும். 45 பாகைச் சரிவில் 0.2 மி.மீ. லூஸ் இருந்தால் முனையில் 0.2 மி.மீ. தட்டை விழும். முனை உருண்டை என்றால் கட்டளையைப் பார்: மெஷினை ஓட்டும் மாக்3 மென்பொருள் ஜி64 கட்டளையில் வேகம் குறையாமலிருக்க மூலையைக் குறுக்கே கடக்கும், மூலையில் நின்று திரும்பும் ஜி61 போடு. பல்வரிசையே போகப் போக ஒரு பக்கம் விலகினால் மோட்டார் ஸ்டெப் தவறுகிறது. ஆக்சலரேஷனை, அதாவது வேகம் கூடும் வீதத்தை, குறை.

பிய்ந்து போன முனை வேறு கதை, அது நார். நீளப் பலகையின் ஓரத்தில் பல் வெட்டினால் நார் பல்லுக்குக் குறுக்கே ஓடும், கூர் நுனியில் பிடிப்பே இருக்காது. பல்லின் திசையும் நாரின் திசையும் ஒன்றாக வரும்படி துண்டு எடு, அல்லது பல்லை 90 பாகைக்கு விரி. 0.3 மி.மீ. மிச்சம் விட்டு, கடைசி ஓட்டத்தில் அதை மட்டும் எடுத்தாலும் பிய்வது நன்றாகக் குறையும்.

முனையில் கருகலும் தெரிகிறது. திரும்பும் இடத்தில் மெஷின் கிட்டத்தட்ட நின்று, பிட் தேய்க்கிறது. பிட்டைச் சுழற்றும் ஸ்பின்டிலை நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு இறக்கிப் பார்.

நட்டில் கை வைக்குமுன், சிறு நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து அள. ஒய்யை ஒரே திசையில் 5 மி.மீ. நகர்த்தி முள்ளைப் பூச்சியமாக்கு. அதே திசையில் இன்னும் 1 மி.மீ. போய், 1 மி.மீ. திரும்பி வா. பூச்சியத்துக்கு வராமல் நிற்கும் மிச்சம்தான் லூஸ். மோட்டாரையும் திருகுத் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் சிறு ஸ்க்ரூவையும் ஒரு தடவை இறுக்கிப் பார், பல தடவை அதுதான் கழன்றிருக்கும். அளவு எத்தனை என்று எழுது. அதைப் பார்த்துவிட்டு நட் மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்