சில நிமிடத்துக்கு ஒருமுறை லாகின் தடுமாறியது ஏன்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக உங்களில் பலர் ஒரே புகாரைச் சொன்னீர்கள். வைஃபைக்குப் பாஸ்வேர்டு அடித்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது; மறுபடி அடித்தால் உள்ளே போய்விடுகிறது; பக்கத்து இருக்கைக்காரருக்கோ ஒரு தொல்லையும் இல்லை. லாக் என்ற பதிவேட்டைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. தடங்கல் சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்திருக்கிறது. தவறு எங்களுடையது.

உங்கள் லாகினை எங்கள் ரேடியஸ் ப்ராக்ஸி (லாகின் கோரிக்கைகளைக் கைமாற்றிவிடும் இடைத்தரகர் சர்வர்) வாங்கி, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் உங்கள் சர்வருக்கு அனுப்புகிறது. யுடிபி வழியே, அதாவது நிலையான இணைப்பு எதுவும் இல்லாமல் போவதால், மறுமுனை அறுந்ததா என்று தெரியாது. பதில் வராததுதான் ஒரே அடையாளம். 20 நொடி பதில் இல்லையென்றால் ஃப்ரீரேடியஸ் (ப்ராக்ஸியில் ஓடும் மென்பொருள்) அந்தச் சர்வரை 'ஸோம்பி' என்று குறித்து (பெயர் நாங்கள் வைத்ததல்ல), அடுத்து வருபவர்களை உங்கள் இரண்டாவது சர்வருக்குத் திருப்பும். இன்னும் 40 நொடி மௌனம் என்றால் செத்ததாகக் கணக்கு. இதுவரை ஒழுங்காகவே நடந்தது.

கோளாறு, அதை மறுபடி சேர்த்துக்கொள்வதில். 300 நொடி ஆனதும், எதையும் சோதிக்காமல் 'எழுந்திருக்கும்' என்று நம்பும்படி அமைத்திருந்தோம். அது எழவில்லை. அந்த நேரம் பார்த்து பாஸ்வேர்டு அடித்தவர் அங்கே போய் மாட்டிக்கொண்டார். சோதனை எலியாக உங்களையே வைத்திருக்கிறோம், மன்னிக்கவும்.

இப்போது ப்ராக்ஸியே 30 நொடிக்கு ஒருமுறை ஸ்டேட்டஸ்-சர்வர் என்ற சிறு பாக்கெட்டை அனுப்பி விசாரிக்கும். தொடர்ந்து 3 பதில் வந்தால்தான் செத்த சர்வரைத் திரும்பச் சேர்க்கும். ஒன்றரை நிமிடம் ஆகும், ஆகட்டும். அதுவரை இரண்டாவது சர்வர் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. ஸ்டேட்டஸ்-சர்வருக்குப் பதில் தரும்படி சர்வரை அமையுங்கள். பழைய சர்வருக்கு அது தெரியாதென்றால் சொல்லுங்கள், ஒரு பொய்ப் பெயரில் லாகின் அனுப்பிப் பார்ப்போம். அதை நிராகரித்தாலே போதும். 'முடியாது' என்பதும் உயிரோடு இருப்பதற்கு அடையாளம்தானே. ஷேர்டு சீக்ரெட்டை (ப்ராக்ஸிக்கும் உங்கள் சர்வருக்கும் பொதுவான ரகசியச் சொல்லை) மாற்றினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது பொருந்தாவிட்டால் சர்வர் இந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். எங்களுக்குச் செத்த சர்வர் போலவே தெரியும். அப்புறம், இரண்டு சர்வரிலும் ஒரே பயனர் பட்டியல் இருக்கட்டும்.

இந்த மாற்றம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, வேலை நேரம் முடிந்த பிறகு உங்கள் முதல் சர்வரைப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்த நாள் தோதுப்படும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புக் குழு