எல்லை வகுக்குமுன் விளைவைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கத் தேர்தல் பற்றி நமது பத்திரிகைகளில் வரும் செய்திகளில் பெரும்பகுதி, ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் 538 தேர்வாளர் வாக்குகளில் 270ஐ யார் எட்டுவார் என்பதைச் சுற்றியே அமைகிறது. அந்நாட்டில் யார் வாக்களிக்கலாம், யாருடைய வாக்குக்கு எவ்வளவு பெறுமதி என்பதைத் தீர்மானிக்கும் சட்டங்கள் பற்றி எழுதப்படுவது மிகக் குறைவு. இலங்கையில் மாகாண சபைத் தேர்தல் முறையும் தொகுதி எல்லை நிர்ணயமும் திரும்பத் திரும்பப் பேசப்படும் இக்காலத்தில், தோட்டங்களில் வேலைசெய்ய இந்தியாவிலிருந்து வந்தோரின் வழிவந்த மலையகத்தவரான நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது அந்தச் சட்ட வரலாற்றையே என்று கருதி இதனை எழுதுகிறேன்.

இனத்தையோ நிறத்தையோ காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் 1870இலேயே விதித்துவிட்டது. ஆயினும் 1898இல் லூசியானா மாநிலம், வாக்களிக்க எழுத்தறிவோ சொத்தோ வேண்டும் என நிபந்தனையிட்டு, 1867 ஜனவரி முதலாம் திகதி வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும் அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் மட்டும் அதிலிருந்து விலக்களித்தது. கறுப்பினத்தவர் என்ற சொல் அவ்விதியில் எங்கும் இல்லை. அந்தத் திகதியில் அவர்களுக்கு அங்கு வாக்கு இருக்கவில்லை என்பதால், பெயர் சொல்லாமலே அவர்கள் மட்டும் வடிகட்டப்பட்டார்கள்.

இதைப் படிக்கும் எந்த மலையகத்தவருக்கும் 1948 நினைவுக்கு வராமல் இராது. அவ்வாண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இங்கு பிறந்த ஒருவர் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது. அதிலும் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், பிறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1949இல் வாக்குரிமை குடியுரிமையோடு பிணைக்கப்பட்டதும், 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய, நமது மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப முடியாத நிலைக்கு ஆளானது.

நீதிமன்றங்கள் இவற்றை நோக்கிய விதத்தில்தான் பெரும் வேறுபாடு இருக்கிறது. லூசியானாவின் விதியை ஒத்த ஒக்லஹோமாவின் பாட்டன் விதியை 1915இல் ஆராய்ந்த அமெரிக்க உயர் நீதிமன்றம், வாசகத்தில் இனம் குறிப்பிடப்படாவிடினும் அதன் நோக்கம் வேறெதுவுமன்று எனக் கண்டு அதைச் செல்லுபடியற்றதாக்கியது. நமது மக்களின் முறையீடு கோடகன் பிள்ளை வழக்காக, அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றபோது, குடிமக்கள் யார் என வரையறுப்பது சட்டமன்றத்தின் அதிகாரமே என்று கூறி 1953இல் அது நிராகரிக்கப்பட்டது. அத்தீர்ப்பின் பின் நாடற்றவர்களாக வாழ்ந்து மடிந்தவர்களை எண்ணும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு பதைக்கிறது. நாடற்றோர் பிரச்சினையை முடிவுக்குக் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதாது என்பதையும் அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. ஒரு விதி விழுந்தால் மாநிலங்கள் வேறொன்றைக் கொண்டுவந்தன. வழக்கு முடிவதற்குள் தேர்தல் முடிந்துவிடும். ஆகையால்தான் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், பாகுபாட்டில் ஊறிய மாநிலங்கள் தமது தேர்தல் விதிகளில் எந்த மாற்றம் செய்வதாயினும், அது சிறுபான்மையினரைப் பாதிக்காது என்று சட்டமா அதிபரிடமோ வாஷிங்டனிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்திடமோ முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும் என்றது. நிரூபிக்கும் பொறுப்பு வாக்கு இழந்தவரிடமிருந்து விதியை மாற்றுபவருக்கு மாறியது. எழுத்தறிவுச் சோதனையும் அம்மாநிலங்களில் நிறுத்தப்பட்டது. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்த கறுப்பினத்தவர் 1965க்கு முன் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. 1967இல் ஏறக்குறைய அறுபது பேர். 2013இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஷெல்பி கவுண்டி வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இந்த முன் அனுமதி ஏற்பாடு செயலிழக்கச் செய்யப்பட்டது. நனையவில்லை என்பதற்காகக் கொட்டும் மழையில் குடையை எறிவது போன்றது அது என நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பெர்க் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். தீர்ப்பு வெளியான அன்றே, முன்னர் தடுக்கப்பட்டிருந்த தனது வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக டெக்சாஸ் அறிவித்தது.

வடக்கு டகோட்டாவில் நடந்ததோ நமது லயங்களுக்கு இன்னும் நெருக்கமானது. வாக்களிக்க வருபவரின் அட்டையில் குடியிருப்பு முகவரி இருக்க வேண்டும் என்ற சட்டத்தால், வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் இன்றித் தபால் பெட்டி மூலமே கடிதம் பெற்றுவந்த பழங்குடி மக்கள் பலர் 2018 தேர்தலில் வாக்கை இழக்கும் அபாயத்துக்கு உள்ளாயினர். பழங்குடி நிர்வாகங்கள் தாமே முகவரி குறித்த அட்டைகளை இலவசமாக வழங்கின. வழக்குகளின் பின் 2020இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, முகவரி இல்லாதவர் தமது வீடு இருக்குமிடத்தை வரைபடத்தில் குறித்துக் காட்டினால் போதும் என்றாயிற்று.

இங்கு எத்தனையோ தோட்டங்களில் தனி முகவரி இன்றி, கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேர்கின்றன. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்கள், தபால் வாக்குக்கு உரித்தில்லாதபடியால், பஸ் ஏறி ஊர் வந்தால்தான் வாக்களிக்கலாம். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகளை 2018 தேர்தலுக்கு முன் ஆறாகப் பிரித்துக்கொள்வதற்கே நெடுங்காலம் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கையோ 2018இல் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது; அடுத்த அறிக்கை எந்தக் கோட்டை எங்கே இழுக்கும் என்பது இன்னும் திறந்த கேள்வி.

எனவே புதிய தேர்தல் சட்டம் எதுவாயினும், எல்லையோ பதிவு முறையோ மாற்றப்படுமுன், ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறுபான்மை வாக்குகளுக்கு அதனால் ஏற்படும் விளைவைக் கணித்து வெளியிடும் கடமையை மாற்றுபவர்மீது சுமத்தும் வாசகம் அதில் இடம்பெற வேண்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இதைத் திருத்தப் பிரேரணையாகச் சமர்ப்பிக்க வேண்டும் எனவும், முகவரியற்ற லயன் குடியிருப்புகளை வரைபடக் குறிப்பின் மூலம் வாக்காளர் இடாப்பில் தனித்தனியே பதியும் முறையைத் தேர்தல்கள் ஆணைக்குழு ஆராய வேண்டும் எனவும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பொகவந்தலாவை.